ஒரே உயரம், வேறு வேறு பனி

ஜனவரி 20: கரூரிலிருந்து ஏற்காடு

கோடையில் வானிலைச் செய்தி கேட்கிறவர்களுக்குக் கரூர் பரமத்தி பழகிய பெயர். நூறு டிகிரியைத் தாண்டிய ஊர்களின் பட்டியலில் அது அடிக்கடி வரும். அந்த வெயிலில் பிறந்து வளர்ந்த எங்களுக்குக் குளிர் என்பது தேடிப் போய்ப் பார்க்க வேண்டிய பொருள்.

ஆனால் இந்த முறை கிளம்பியது அதற்காக மட்டும் இல்லை. அம்மா போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. இந்தத் தையில் எங்கள் வீட்டில் பொங்கல் கிடையாது. தெருவெல்லாம் கோலமும் கரும்புமாக இருந்த நாட்களில் அப்பா வாசல் பக்கமே வரவில்லை. மாட்டுப் பொங்கலன்று ராத்திரி, "எங்காச்சும் நாலு நாள் போய்ட்டு வரலாமா அம்மிணி" என்றார். துக்க வருஷத்தில் மலை ஏறக்கூடாது என்று அத்தை சொல்லிப் பார்த்தார். "அது சாமி மலைக்குத்தான்" என்று அப்பா பேச்சை முடித்துவிட்டார். வருஷத் திதி ஜனவரி 29. காஷ்மீரில் ராணுவத்தில் இருக்கும் தம்பிக்கு 24ஆம் தேதியிலிருந்து விடுப்பு. அதற்குள் திரும்பிவிடலாம் என்று நான், அப்பா, என் 11 வயது மகள் மூன்று பேரும் காரில் கிளம்பினோம். வண்டி நான்தான் ஓட்டினேன்.

சேலத்தில் ஐந்து ரோடு பக்கம் ஒரு தள்ளுவண்டியில் தட்டுவடை செட். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவல், வெங்காயம், மேலே சிவப்புச் சட்னி ஒரு கோடு, பச்சைச் சட்னி ஒரு கோடு. ஒரு தட்டு 35 ரூபாய். அப்பாவுக்குப் பல் சரியில்லை. எதையும் கேட்காமலேயே வண்டிக்காரர் அவர் தட்டில் மட்டும் வடையை நொறுக்கிப் போட்டு, சட்னி கொஞ்சம் தாராளமாக விட்டு ஊற வைத்துக் கொடுத்தார். "நொறுக்கலுக்கும் அதே காசுதாங்க" என்றார். அப்பா இரண்டு தட்டு சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்தேன்.

ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை உண்டு. மகள் ஒவ்வொரு எண்ணையும் உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். பதினான்காவது வளைவு தாண்டியதும் அவள் குரல் நின்றது, பலகை தெரியவில்லை. மூடுபனி. அதைவிடப் பெரிய தொல்லை, காரின் முன்கண்ணாடி உள்பக்கம் மூச்சுக்காற்றில் மங்கியது. துடைக்கத் துடைக்க மங்கியது. ஓரமாக நிறுத்தி, விளக்கை மினுக்க விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேலிருந்து இறங்கி வந்த ஒரு பஸ் எங்கள் அருகில் நின்றது. டிரைவர் தலையை நீட்டி, "ஏசியப் போட்டு காத்த கண்ணாடிக்கு விடுங்கம்மா, ரெண்டு நிமிசத்துல தெளிஞ்சிரும். ஹெட்லைட்ட இறக்கி வைங்க, ஏத்தி வெச்சா பனியே உங்க கண்ணுல அடிக்கும்" என்றார். நான் காரை எடுக்கிறேனா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். குளிரும்போது ஏசியா என்று தோன்றும். ஏசி காற்றின் ஈரத்தை உறிஞ்சிவிடுகிறது, அதனால்தான் கண்ணாடி தெளிகிறது. அந்த மனிதர் நிறுத்தியிராவிட்டால் அந்தி வரை அங்கேயே இருந்திருப்போம்.

நாகலூர் போகும் ரோட்டில், ஒரு சின்னக் காப்பித் தோட்டத்துக்குள் அறை. ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். பொங்கல் கூட்டம் வடிந்ததால் இந்த விலை. போனில் 'சேலம் 26 டிகிரி' என்று காட்டிக்கொண்டிருந்தது. அறை வாசலில் நிற்க முடியவில்லை. சேலம் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 280 மீட்டர், ஏற்காடு 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. அப்படியானால் எட்டு டிகிரியைக் கழித்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், தோளில் படும்போதுதான் பாடமாகிறது.

ஜனவரி 21: களம்

விடிகாலை ஐந்தரைக்கு அப்பா எழுந்துவிட்டார். நானும் கூடப் போனேன். வானத்தில் ஒரு துளி மேகம் இல்லை. அவ்வளவு நட்சத்திரங்களைக் கரூரில் நான் பார்த்ததே இல்லை. புல்லில் கால் வைத்தால் செருப்பு நனைந்து சறுக்கியது. காப்பிச் செடிகளுக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் மரங்களிலிருந்து பனி மழைபோல் சொட்டியது. அந்த மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி.

தோட்டத்துக் கொட்டகைச் சுவரில் ஒரு பழைய வெப்பமானி தொங்குகிறது. 11 டிகிரி. கொட்டகைக்கு முன்னால் சிமெண்டுக் களம், அதில் தார்ப்பாயால் மூடிய குவியல்கள். குவியலுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டி, தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சுள்ளி எரித்துக் கை காய்ந்துகொண்டிருந்தார். "வாங்க சாமி, குளிர் காயுங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். இவர் இந்த மலையின் பழங்குடி. மலையாளிகள் என்று பெயர், கேரளத்துக்கும் இவர்களுக்கும் தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியவர்கள் என்று தங்கள் கதையில் சொல்லிக்கொள்கிறார்கள்.

அப்பாதான் ஆரம்பித்தார். "நேத்து சாயந்தரம் மூடிக்கிட்டு இருந்துச்சு, அவ்வளவா குளிரலீங்க. இன்னைக்கு வானம் வெளுத்துக் கெடக்குது, இப்படிக் குளிருதே?"

"மோடம் போட்டா குளிராதுங்க. மோடம் போர்வ மாதிரி. வானம் தெறந்து கெடந்தா மண்ணுல இருக்கற சூடெல்லாம் ராத்திரியோட ராத்திரியா மேல போயிரும். நட்சத்திரம் நெறய தெரிஞ்சா இன்னொரு கம்பளி எடுத்துக்கோணும்" என்றார் பாட்டி.

வானிலைப் புத்தகம் சொல்வதும் அதேதான். தரை இரவெல்லாம் வெப்பத்தை வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பும். மேகமும் இல்லை, காற்றும் இல்லை, காற்றில் ஈரமும் குறைவு என்றால் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். வடகிழக்குப் பருவமழை விலகி, வடக்கிலிருந்து வறண்ட காற்று வரும் ஜனவரியில் இந்த மூன்றும் சேர்ந்து அமைகின்றன. ஏற்காட்டைவிட உயரமான நீலகிரியில், தலைகுந்தா போன்ற பள்ளமான புல்வெளிகளில், இதே காரணத்தால் காற்றின் ஈரம் புல்லிலேயே உறைந்து வெள்ளையாகப் படிந்துவிடுகிறது. செய்தியில் உறைபனி என்கிறோமே, அது இதுதான். வானத்திலிருந்து விழுவது இல்லை, புல்லில் விளைவது.

ஏழரைக்கு வெயில் களத்தில் விழுந்தது. பாட்டியும் இன்னும் இரண்டு பெண்களும் தார்ப்பாயை விலக்கி, நீளக் கம்பு பூட்டிய மரப்பலகையால் காப்பிப் பழத்தைப் பரப்பினார்கள். பறித்தபோது சிவப்பாக இருந்தது, இப்போது கருத்துச் சுருங்கிக்கொண்டிருக்கிறது. பழத்தோடு காயவைத்தால் இரண்டு வாரம்வரை வெயில் வேண்டும். தோல் எடுத்துக் கழுவிய கொட்டைக்கு ஒரு வாரம், பத்து நாள். பகலில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும், பொழுது சாய்ந்ததும் கூட்டி மூட வேண்டும். மறந்தால் பனி இறங்கி மறுபடி ஈரமாகும், பூஞ்சை பிடிக்கும், காப்பியில் அந்த வாடை வரும். பாட்டி ஒரு பிடியை அள்ளி மகள் காதருகே ஆட்டினார். பொத்பொத்தென்று மந்தமான சத்தம். "இன்னும் ஆகல கண்ணு. காஞ்சா கலகலன்னு சலங்க மாதிரி கேக்கும்."

காலைக்கு அவர்கள் கொண்டுவந்திருந்த ராகிக் களியும் கீரைக் குழம்பும் எங்களுக்கும் ஒரு உருண்டை. பிறகு பால் விடாத வரக்காப்பி, வெல்லம் போட்டது. காசு கொடுக்கப் போனதற்குப் பாட்டி கோபித்துக்கொண்டார்.

பகல் பதினொன்றுக்குத் தம்பி வீடியோவில் வந்தான். பின்னால் எல்லாம் வெள்ளை. ஸ்ரீநகர் பக்கம் இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. மகள் துள்ளினாள், "மாமா, எங்களுக்கும் பனி!" என்று எங்கள் மூடுபனியைக் காட்டினாள். அவன், "அம்மு, நீ எத்தன அடி ஒசரத்துல இருக்க, தெரியுமா?" என்றான். 1,515 மீட்டர் என்று நேற்றே கற்றிருந்தாள். "நான் நிக்கற எடமும் ஏறக்கொறைய அதேதான். ஸ்ரீநகர் 1,585 மீட்டர்."

நான் இதை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. காஷ்மீர் என்றாலே எட்ட முடியாத உயரம் என்று மனதில் இருந்தது. என் தம்பியும் நாங்களும் ஒரே மாடியில் நிற்கிறோம், நடுவில்தான் முழு நாடும் கிடக்கிறது. ஏற்காடு 12 டிகிரி அட்சரேகைக்குள் இருக்கிறது, ஸ்ரீநகர் 34இல். குளிர்காலத்துச் சூரியன் அங்கே தாழ்வாகப் போகிறது, பகலும் குறுகியது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து கிளம்பி ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாக வரும் மேற்கத்தியக் காற்றுச் சலனங்கள் இமயத்தில் மோதி அங்கே பனியைக் கொட்டுகின்றன. அவை நம் பக்கம் இறங்கி வருவதில்லை. நம் தலைக்கு மேல் காற்று உறையும் நிலைக்குப் போக நாலாயிரத்து ஐந்நூறு, ஐயாயிரம் மீட்டர் ஏற வேண்டும். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் உச்சியே 1,623 மீட்டர்தான்.

அங்கே இப்போது 'சில்லை கலான்' என்றான். டிசம்பர் 21இலிருந்து ஜனவரி 30 வரை நாற்பது நாள், அவர்கள் ஊரின் கடுங்குளிர்க் காலம். அதன்பின் இருபது நாள் ஒன்று, பத்து நாள் ஒன்று எனக் குளிர் படிப்படியாகத் தணியும். ஊர்க்காரர்கள் நீண்ட அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டியை வைத்துக்கொண்டு நடப்பார்களாம். அப்பா இதைக் கேட்டுவிட்டு, "நம்மாளும் நாளை எண்ணித்தானே வெச்சிருக்கான். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி" என்றார். தமிழாசிரியராக இருந்தவர். அவர் வாயில் வந்ததும்தான் எனக்கு உறைத்தது: புல்லில் இருப்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, தம்பியின் தொப்பியில் விழுவதும் பனி. சொல் ஒன்று. மகள் அன்று மாலைவரை ஒவ்வொன்றையும் காட்டி, "அப்பச்சி, இது எந்தப் பனி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 22: ஏரி, லேடீஸ் சீட், மூச்சு

காலையில் ஏரி புகைந்தது. ராத்திரி முழுக்கச் சூட்டைப் பிடித்து வைத்திருந்த தண்ணீர்மேல் குளிர்ந்த காற்று படியும்போது எழும் ஆவி அது. ஏரி பள்ளத்தில் இருப்பதால் குளிர் அங்கே கூடுதல். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். எங்கள் தோட்டம் மேட்டில் இருக்கிறது. பத்து நிமிஷ தூரத்தில் ஒரு ஸ்வெட்டர் வித்தியாசம். ஒரு மலைக்கு ஒரே ஒரு எண்ணைச் சொல்லும் போன் இதை எப்படிச் சொல்லும்?

லேடீஸ் சீட்டில் சேலத்தைப் பார்க்கலாம் என்று போனோம். சேலமே இல்லை. கீழே சமவெளி முழுவதும் வெள்ளைப் படுதா, அதற்கு மேலே கஞ்சமலையின் முதுகு மட்டும் தீவு மாதிரி. எங்களுக்கு மேலே நல்ல வெயில். தொலைநோக்கிக்காரர் எங்களிடம் காசு வாங்கவில்லை. "ஒம்பதரைக்கு மேல வாங்கம்மா, இப்ப வாங்கினா பாவம்" என்றார். திரும்பப் போனபோது அவர் சொன்னபடியே வெள்ளை கலைந்து வெள்ளிக் கோடுபோல ரோடு தெரிந்தது. அப்போதுதான் வாங்கிக்கொண்டார்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, தட்டு 50 ரூபாய். குல்லா ஒன்று 150 சொல்லி 120க்குக் கொடுத்தார்கள். சேர்வராயன் கோயில் மேட்டுக்கும் போனோம். காற்று ஆளைத் தள்ளியது. குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். நாங்கள் உள்ளே போகவில்லை. அப்பா புல்வெளியிலேயே நின்று, கோயில் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ராத்திரி ஒன்பதுக்கு அப்பாவுக்கு இளைப்பு. இன்ஹேலரைக் கரூரிலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறோம். பெட்டி கட்டியவள் நான். மருந்துக் கடைகள் எட்டரைக்கே சாத்திவிட்டன. காவலுக்கு இருக்கும் அண்ணன் தன் பைக்கை எடுத்துக்கொண்டு, கடைக்காரர் வீட்டுக்கே போய் அவரை எழுப்பி, பழைய சீட்டின் போட்டோவைக் காட்டி வாங்கி வந்தார். வரும்போது அவர் புருவத்தில் ஈரம் முத்து முத்தாக நின்றது. பெட்ரோலுக்கென்று 200 ரூபாய் கொடுத்தேன், 100ஐத் திருப்பித் தந்தார். பத்தரைக்கு அப்பா சாய்ந்து உட்கார்ந்து தூங்கினார். நான் வெகுநேரம் அவர் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மலைப்பகுதியில் 0 டிகிரிக்கு வந்தால்தான் குளிர் அலை என்று அறிவிப்பார்கள். அந்தக் கணக்குப்படி ஏற்காட்டுக்குக் குளிர் அலையே கிடையாது. 73 வயது நுரையீரலுக்கு 11 டிகிரியே போதும். முதியவர்களை அழைத்து வருகிறவர்கள் மருந்தை முதலில் பையில் வையுங்கள், ஸ்வெட்டரை அப்புறம் வையுங்கள்.

ஜனவரி 23: மோடம்

காலை வெப்பமானியில் 15. இதமாக இருந்தது. அப்பாவுக்கு மூச்சு சீராகிவிட்டது. நான் சந்தோஷப்பட்டேன், பாட்டி முகத்தில் அது இல்லை. கிழக்கே சாம்பல் நிறத்தில் மேகம் அடுக்கு அடுக்காக ஏறிக்கொண்டிருந்தது. சென்னை வானிலை மையத்தின் அறிக்கையைப் படித்துக் காட்டினேன்: கிழக்கு திசைக் காற்றின் வேக மாறுபாடு காரணமாக ஓரிரு இடங்களில் லேசான மழை. 'ஓரிரு இடங்களில்' என்பதற்குக் கணக்கு இருக்கிறது, மழை அளக்கும் நிலையங்களில் கால் பங்குக்கு மேல் போகாது. பாட்டி கேட்டுவிட்டு, "ஓரிரு எடத்துல எங்க களம் இருக்குதான்னு சொல்லச் சொல்லு கண்ணு" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பத்து நாள் உழைப்பு தரையில் விரிந்து கிடக்கிறது.

இதுவரை அந்த அறிக்கையில் நான் தேடிப் படித்த வரி ஒன்றே ஒன்று, பனிமூட்டம் இருக்குமா என்பது. 'வறண்ட வானிலை நிலவும்' என்ற வரியைக் கண்டால் தாண்டிவிடுவேன். இங்கே அந்த வரிக்குத்தான் கும்பிடு போடுகிறார்கள்.

மூன்றரைக்கு முதல் தூறல். மேஸ்திரி குரல் கொடுத்தார். மூன்று பெண்கள், ஒரு பையன், காவல் அண்ணன், இவ்வளவுதான் ஆள். நான் ஒரு பலகையை எடுத்துக்கொண்டேன், மகள் கைகளாலேயே கூட்டினாள். பழம் சறுக்கும், பலகைக்கு அடியில் உருளும், ஓரத்துக் காவாயை நோக்கி ஓடும். தார்ப்பாயின் நான்கு மூலையில் மூன்றுக்குத்தான் ஆள். நாலாவது மூலையை அப்பா பிடித்துவிட்டார். நான் கத்தினேன், அவர் விடவில்லை. கல்லை வைத்து அழுத்திவிட்டு நிமிர்ந்தார். கடைசிக் குவியலை மட்டும் மழை பிடித்தது. பாட்டி அந்தக் குவியலை மூடாமல் கொட்டகைக்குள் அள்ளிப் போடச் சொன்னார். ஈரத்தோடு மூடினால் உள்ளே வெந்துவிடுமாம். கூடை கூடையாக இருபது நடை. என் உள்ளங்கையில் இரண்டு கொப்புளம். மழை பதினைந்து நிமிஷம்தான், பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தில் ஒருவரும் ஒரு வார்த்தை வீணாகப் பேசவில்லை.

இருட்டியபின் தம்பி பேசினான். பனி நிற்கவில்லை. விடுப்பில் போகிறவர்களைச் சாலை வழியாகக் கான்வாயில் ஜம்மு வரை கொண்டுவிடுவார்கள்; தேசிய நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள். எப்போது திறக்கும் என்று அவனுக்குத் தெரியாது. "29க்குள்ள வந்துருவியாப்பா?" என்று அப்பா கேட்டார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "வானம் தெளியணும்ப்பா." அப்பா போனை என்னிடம் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். எங்கள் வானத்தில் ஒரு நட்சத்திரம் கூட இல்லை.

ஜனவரி 24: இறக்கம்

மோடம் கலைந்து வெயில். களத்தில் மறுபடி எல்லாவற்றையும் விரித்தாகிவிட்டது. நேற்று நனைந்த குவியலில் ஒரு பங்கு நிறம் மாறியிருந்தது. அதைத் தனியாக ஒதுக்கிவிட்டார்கள். கிளம்பும்போது பாட்டி மகளின் கைக்குட்டையில் ஒரு பிடி பழத்தைக் கட்டிக் கொடுத்தார், பாதி காய்ந்தது. "தைப்பனி தரையத் துளைக்கும், மாசிப்பனி மச்சத் துளைக்கும். இன்னும் மாசி கெடக்குது. அப்பாவப் பாத்துக்க அம்மிணி" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். காப்பித்தூள் அரைக் கிலோவும் நூறு கிராம் மிளகும் வாங்கினேன். நான்கு நாளில் துவைத்த துணி ஒன்றும் காயவில்லை, ஈரத்தோடு மூட்டை.

சேலத்தில் இறங்கி நாமக்கல் ரோட்டில் ஏறியதும் மகள் பலகையைப் படித்தாள்: "44." அதே எண்ணை நேற்று ராத்திரி தம்பி வாயில் கேட்டிருந்தாள். "மாமா மாட்டிக்கிட்ட ரோடும் 44தானே?" அதேதான். ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற ஒரே சாலை. ஒரு முனையில் பனியை வாரிக்கொண்டிருக்கிறார்கள், இந்தப் பக்கம் தார் வெயிலில் பளபளத்தது. அப்பா கண்ணாடியை இறக்கிவிட்டு, கரூர் வரும்வரை சாலையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஜனவரி 28: கரூர்

26ஆம் தேதி மாலை செய்தி வந்தது: தம்பி காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் தெற்கு முனையான காசிகுண்டைத் தாண்டிவிட்டான். நேற்று ராத்திரி வீட்டுக்கு வந்தான். உதடு வெடித்து, மூக்கு நுனி தோலுரிந்திருக்கிறது. அப்பா இன்றைக்குக் கடைத்தெருவுக்குப் போய், நாளைக்கு வேண்டியதையெல்லாம் அவரே வாங்கி வந்தார்.

மகள் கைக்குட்டைப் பழத்தை மொட்டைமாடியில் நாலு நாளாகக் காயப்போட்டிருக்கிறாள். சாயங்காலம் ஆனால் ஒரு தட்டைக் கவிழ்த்து மூடிவிடுகிறாள், கரூரில் அவ்வளவு பனி இறங்காது என்று சொன்னாலும் கேட்பதில்லை. இன்று மதியம் மாமாவை மேலே இழுத்துப்போய், அவன் உள்ளங்கையில் ஒரு பிடி வைத்து விரல்களை மூடி, "காதுகிட்ட வெச்சு ஆட்டுங்க மாமா" என்றாள்.

கலகலவென்று கேட்டது.